தமிழ் ஃபைல் குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்த சில இலவச சாஃப்ட்வேர்கள்

எந்த சாஃப்ட்வேர் புதுசா கண்ணுல பட்டாலும் இன்ஸ்டால் பண்ணிப் பாத்துடற ஆளு நான், அதுல முதல்ல பாக்கறது தமிழ் தாங்குதாங்கறதுதான். மெனு தமிழ்ல இருக்கணும்னு சொல்லல, அது இங்கிலீஷ்ல இருந்துட்டுப் போகட்டும். ஃபைல் பேர் தமிழ்ல இருந்தா தேடினா கிடைக்குதா, உள்ள இருக்கற ஒரு வரிய காப்பி பண்ணி நோட்பேட்ல போட்டா கொம்பும் காலும் புள்ளியும் அதது இடத்துல இருக்கா, இல்ல கட்டம் கட்டமா கேள்விக்குறியா வந்து விழுதா, இது ரெண்டும் தேறினாதான் மத்த வசதியெல்லாம் என்னன்னு பாக்கவே உக்காருவேன்.

என் ஹார்ட் டிஸ்க்ல கிடக்கறதுல பாதிக்கு மேல தமிழ்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இருந்தும் இலங்கையோட 'நூலகம்'ங்கற திட்டத்துல இருந்தும் இறக்கின ஸ்கேன் புத்தகங்க, வீட்டுப் பத்திரம் பட்டா ஸ்கேன், பழைய சிற்றிதழ் பிடிஎஃப், எங்க பெரியப்பா பட்டிமன்றத்துல பேசின கேசட்ட எம்பி3யா மாத்தி வச்சது, இப்படி எல்லாமே இருக்கு ஆனா தேடினா எதுவும் வராது. ஸ்கேன்னா அது கம்ப்யூட்டருக்கு வெறும் படம், ஆடியோன்னா வெறும் சத்தம், அதுக்குள்ள என்ன வார்த்தை இருக்குன்னு அதுக்குத் தெரியாது. இத தேடி எடுக்கற நிலைக்குக் கொண்டு வரணும்னுதான் கொஞ்ச நாளா ஒவ்வொரு டூலா எடுத்துப் பாத்துட்டு இருக்கேன். கீழ சொல்றது எல்லாமே காசு குடுக்காம கிடைக்கறது, அக்கவுன்ட் தொறக்கச் சொல்லாது, ஒரு தடவ இறக்கிட்டா நெட் இல்லாமலே வேலை செய்யும். என்னோடது விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, அத மனசுல வச்சுட்டுப் படிங்க.

முதல்ல எவ்ரிதிங். வாய்ட்டூல்ஸ்னு ஒருத்தரோட சின்ன தளத்துல கிடைக்குது. விண்டோஸ்ல இருக்கற தேடல் பெட்டியில ஒரு பேர் அடிச்சுட்டு பச்சைக் கோடு நகர்றத பாத்துட்டு உக்காந்திருந்தவங்க இத ஒரு தடவ திறந்தா போதும், அடுத்து அந்தப் பக்கமே போக மாட்டீங்க. நாம ஒரு எழுத்து அடிக்க அடிக்க லிஸ்ட் சுருங்கிட்டே வரும், என்டர் கூட தட்ட வேண்டாம். எப்படி இவ்வளவு வேகம்னா, விண்டோஸ் டிரைவோட என்டிஎஃப்எஸ் அமைப்புல மாஸ்டர் ஃபைல் டேபிள்னு ஒரு பட்டியல் இருக்கு, டிரைவ்ல இருக்கற ஒவ்வொரு ஃபைலோட பேரும் அதுல பதிவாகி இருக்கும். சாதாரண தேடல் ஒவ்வொரு ஃபோல்டரா நுழைஞ்சு நுழைஞ்சு பாக்கும், எவ்ரிதிங் ஊர் முழுக்க வீடு வீடா போய் கதவத் தட்டாம நேரா விஏஓ கையில இருக்கற பதிவேட்ட வாங்கிப் படிக்கற மாதிரி அந்தப் பட்டியல மட்டும் படிச்சுடுது. அதுக்கப்புறம் எந்த ஃபைல் புதுசா வந்தாலும், பேர் மாறினாலும், அழிஞ்சாலும் டிரைவோட மாற்றக் குறிப்புல இருந்து உடனே எடுத்துக்குது. அவங்க சொல்ற கணக்குப்படி புதுசா போட்ட விண்டோஸ் 10ல இருக்கற சுமார் 1,20,000 ஃபைல இன்டெக்ஸ் பண்ண, அதாவது தேடறதுக்குப் பட்டியல் போட, ஒரு செகண்டு, 10 லட்சம் ஃபைலுக்கு ஒரு நிமிஷம், அந்த 10 லட்சத்துக்கும் சேத்து ராம்ல 75 எம்பி சுமார்தான் எடுக்கும். என் பழைய லேப்டாப்லயும் அது பின்னாடி ஓடுதுங்கறதே தெரியல.

தமிழ் டெஸ்டுக்கு வருவோம். பேர்ல தமிழ் இருந்தா அழகா தேடுது, பாதி வார்த்தை குடுத்தாலும் போதும், தமிழும் இங்கிலீஷும் கலந்து குடுத்தாலும் பரவாயில்ல, நடுவுல ஒரு ஸ்பேஸ் விட்டா ரெண்டு வார்த்தையும் எந்த வரிசையில இருந்தாலும் பிடிக்குது. இங்க ஒரு சங்கதி இருக்கு, இது எவ்ரிதிங் மட்டும்னு இல்ல நிறைய தேடலுக்குப் பொருந்தும். "கொ"ங்கற எழுத்த யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல பொதுவா வச்சிருக்கற குறியீட்டு முறை) ரெண்டு விதமா சேமிக்கலாம். ககரத்துக்கு அப்புறம் ஒகரக் குறிய ஒரே குறியீடா போடறது ஒரு விதம், ஒத்தக் கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டு குறியீடா போடறது இன்னொரு விதம். ரெண்டும் திரையில ஒரே மாதிரிதான் தெரியும், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்ல, ஆனா எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாக்கற சாஃப்ட்வேருக்கு அது வேற இது வேற. ஒரு சிஸ்டத்துல பேர் வச்சு இன்னொரு சிஸ்டத்துக்கு வந்த ஃபைல்ல இது அடிக்கடி நடக்கும். "கொள்ளுத்தாத்தா பத்திரம்"னு கண்ணு முன்னாடி ஃபைல் இருக்கு, தேடினா இல்லேங்குதுன்னா இதுதான் விஷயம். அப்போ அந்த முதல் எழுத்த விட்டுட்டு "ள்ளுத்தாத்தா"ன்னு அடிங்க, வந்துடும். ஸ்ரீ இதவிட மோசம், ஸகரத்துல இருந்து வர்ற ஸ்ரீயும் இருக்கு, 2005ல யூனிகோட்ல சேத்த இன்னொரு ஶகரத்துல இருந்து வர்ற ஸ்ரீயும் இருக்கு, பெரும்பாலான ஃபான்ட்ல ரெண்டுக்கும் ஒரே உருவம்தான். ஸ்ரீரங்கம் போட்டோவெல்லாம் தேடணும்னா வெறும் "ரங்கம்"னு அடிக்கறது உத்தமம். அதே மாதிரி ஔகாரக் குறி போட வேண்டிய இடத்துல ஒத்தக் கொம்பும் ளகரமும் போட்டு அடிக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, "கௌரி"ன்னு தேடி வரலன்னா வெறும் "ரி"க்குப் போகாம கூட இருக்கற வேற வார்த்தைய குடுங்க.

எவ்ரிதிங்ல குறைன்னா, பென் டிரைவ் எல்லாம் பெரும்பாலும் வேற ஃபார்மேட்ல இருக்கும், அதுல இந்த மாஸ்டர் பட்டியல் கிடையாது, அதனால அந்த டிரைவ செட்டிங்ஸ்ல போய் ஃபோல்டரா சேத்துக்கணும், அது மெதுவாதான் இன்டெக்ஸ் ஆகும். இன்ஸ்டால் பண்ணும்போது சர்வீஸா போடவான்னு கேக்கும், ஆமான்னு குடுத்துடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் அட்மின் பர்மிஷன் கேட்டுட்டே இருக்கும். அப்புறம் இது பேரத்தான் தேடும். ஃபைலுக்குள்ள இருக்கற எழுத்த தேடவும் ஒரு வழி இருக்கு, ஆனா அது ஒவ்வொரு ஃபைலா தொறந்து படிக்கும், அதனால ஃபோல்டர சுருக்கிக் குடுத்துட்டுதான் அத தொடணும்.

இதே மாஸ்டர் பட்டியலப் படிச்சு டிஸ்க்ல எது எவ்வளவு இடத்த பிடிச்சிருக்குன்னு கலர் கலரா கட்டம் போட்டுக் காட்டறது விஸ்ட்ரீ. சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஆபீஸுக்குன்னா லைசென்ஸ் வாங்கணும். சி டிரைவ் சிவப்பாகி நிக்கறப்ப தொறந்து பாருங்க, எது தின்னுதுன்னு ரெண்டு செகண்டுல தெரிஞ்சுடும். அவ்வளவுதான் அதப் பத்தி.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன், ஸ்கேன் பிடிஎஃப்ப தேடற மாதிரி ஆக்கறது.

படத்துல இருக்கற எழுத்தப் படிச்சு டெக்ஸ்டாக்கறதுக்குப் பேர்தான் ஓசிஆர், அதுக்கு அடியில வேலை செய்யற இன்ஜின் பேரு டெசராக்ட். 1985ல இருந்து 1994 வரைக்கும் ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனிக்குள்ள உருவாக்கினது, அப்புறம் வருஷக்கணக்கா அலமாரியில கிடந்து 2005ல ஓப்பன் சோர்ஸா வெளிய விட்டாங்க, 2006ல இருந்து கூகுள் ஆதரவுல வளந்தது. 2018ல வந்த நாலாவது வெர்ஷன்ல எழுத்த துண்டு துண்டா பாக்கற பழைய முறைக்கு மேல, வரிய முழுசா படிக்கற நியூரல் நெட்வொர்க் முறை வந்துச்சு, தமிழுக்கு அதுதான் பெரிய திருப்பம். தமிழ்ல ஒரு எழுத்தோட கொம்பு முன்னாடி நிக்கும், கால் பின்னாடி நிக்கும், புள்ளி மேல நிக்கும், தனித்தனியா வெட்டிப் பாத்தா குழம்பிடும், வரியா படிச்சா பக்கத்து எழுத்து என்னன்னு தெரிஞ்சு படிக்குது. டெசராக்ட் தனியா கமாண்ட் லைன்ல ஓடற சமாச்சாரம், ஜன்னல் பட்டன் எதுவும் கிடையாது, அதனால அத உள்ள வச்சுக்கிட்டு ஓடற ரெண்டு டூல சொல்றேன்.

கமாண்ட் லைன்னாலே வேண்டாம்ங்கறவங்களுக்கு நாப்ஸ்2. ஸ்கேனர் கூட வர்ற கம்பெனி சாஃப்ட்வேருக்குப் பதிலா இத போட்டுக்கலாம், ஸ்கேன் பண்ணி, கோணலா இருந்தா நேராக்கி, பக்கத்த முன்ன பின்ன நகத்தி, ஒரே பிடிஎஃப்பா சேவ் பண்ணும். முன்பக்கம் எல்லாத்தையும் ஒரு தடவ, பின்பக்கம் எல்லாத்தையும் ஒரு தடவன்னு ஸ்கேன் பண்ணினா ரெண்டையும் சீட்டு கலக்கற மாதிரி நடுநடுவ சேக்கறதுக்குன்னே ஒரு மெனு இருக்கு, ஒரு புத்தகத்த முழுசா ஸ்கேன் பண்றவங்களுக்குதான் அதோட அருமை தெரியும். ஸ்கேனர் இல்லாட்டியும் பரவாயில்ல, ஏற்கனவே இருக்கற பிடிஎஃப் படம் எல்லாத்தையும் இம்போர்ட் பண்ணலாம். மேல ஓசிஆர்னு பட்டன் இருக்கும், அதுல மொழி லிஸ்ட்ல தமிழ டிக் பண்ணினா அதுவே இறக்கிக்கும், இங்கிலீஷையும் சேத்து டிக் பண்ணுங்க, நம்ம பத்திரம் புத்தகம் எல்லாத்துலயும் நடுவுல நம்பரும் இங்கிலீஷ் வார்த்தையும் வந்துடும். வேகமா வேணுமா, நல்லா வேணுமான்னு ஒரு ஆப்ஷன் கேக்கும், தமிழுக்கு நல்லா வேணும்ங்கறதையே தேர்ந்தெடுங்க, நேரம் கூட எடுத்தாலும் போகட்டும், புள்ளி விட்டுப் போறது அதுல குறையுது.

கமாண்ட் லைன் பழகினவங்களுக்கு ஓசிஆர்மைபிடிஎஃப். என்னோட அபிப்பிராயத்துல இந்த மொத்த லிஸ்ட்லயும் சிறந்தது இதுதான். இது பண்ற வேலைய கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இங்கதான் நுணுக்கம் இருக்கு. ஸ்கேன் பக்கத்தோட படத்த அது தூக்கிப் போடாது, படம் அப்படியே இருக்கும், அதுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒண்ண ஒவ்வொரு வார்த்தையும் படத்துல எங்க இருக்கோ அதே இடத்துல வைக்கும். நாம படிக்கறது அசல் பக்கம், தேடும்போது கம்ப்யூட்டர் படிக்கறது அந்த மறைஞ்ச அடுக்கு. அதனால ஓசிஆர்ல நாலு எழுத்து தப்பா விழுந்தாலும் புத்தகம் கெட்டுப் போகல, படிக்கறவனுக்கு அசல்தான் கண்ணுல படும். பழைய புத்தகத்த சேத்து வைக்கறவங்களுக்கு இதுதான் முக்கியம், ஏன்னா வெறும் டெக்ஸ்டா மாத்தி வச்சுட்டா அடுத்த தலைமுறை அதத்தான் அசல்னு நினைக்கும். வெளிய வர்ற ஃபைல நீண்ட நாள் பாதுகாக்கறதுக்குன்னு வகுத்த பிடிஎஃப் ஏ ஃபார்மேட்ல சேவ் பண்ணுது. லேப்டாப்ல எத்தன கோர் இருக்கோ அத்தனையிலயும் ஒரே சமயத்துல பக்கங்கள பிரிச்சு ஓட்டுது. கோணல நேராக்கறது, தலைகீழா இருக்கற பக்கத்த திருப்பறது, ஏற்கனவே எழுத்து இருக்கற பக்கத்த தொடாம விட்டுட்டு மத்தத மட்டும் பண்றது, எல்லாத்துக்கும் ஒவ்வொரு ஆப்ஷன் இருக்கு. ஒரு ஃபோல்டர் முழுக்க புத்தகம் இருந்தா சின்னதா ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கப் போயிடலாம். விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்றதுதான் கொஞ்சம் வேலை, பைத்தான் வேணும், டெசராக்ட் தனியா, கோஸ்ட்ஸ்க்ரிப்ட் தனியா போடணும், இல்லன்னா விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதியில போட்டுக்கலாம், எனக்கு ரெண்டாவது வழிதான் சுலபமா இருந்துச்சு. தமிழ் டேட்டா ஃபைல தனியா இறக்கிப் போட மறந்துடாதீங்க, அது தானா வராது.

இன்னொரு விஷயம், இது யாரும் எடுத்துச் சொல்லி நான் பாத்ததில்ல. நம்ம ஊர்ல அச்சகத்துல டிசைன் பண்ணின பிடிஎஃப் நிறைய யூனிகோட்ல இருக்காது. பாமினி, டேப், டேம், டிஸ்கின்னு ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு குறியீடு, 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோட அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்ட அப்புறமும் அச்சகத்துல பழைய ஃபான்ட்தான் ரொம்ப நாள் ஓடிச்சு. அந்த மாதிரி பிடிஎஃப்ல கண்ணுக்கு அழகா தமிழ் தெரியும், காப்பி பண்ணி ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா அர்த்தமில்லாம வந்து விழும், தேடினா ஒண்ணும் வராது. இத ஓசிஆர்மைபிடிஎஃப் கிட்ட குடுத்தா, இதுல ஏற்கனவே எழுத்து இருக்குன்னு சொல்லி நின்னுடும், அது சொல்றதும் சரிதான், எழுத்து இருக்கு, ஆனா அது தமிழ் எழுத்து இல்ல. அப்போ கட்டாயமா ஓசிஆர் பண்ணுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத குடுத்தா பக்கத்த முதல்ல படமா மாத்திட்டு அப்புறம் புதுசா படிக்கும். ஃபைல் சைஸ் பெருசாகும், பரவாயில்ல. இதுல ஒரு லாபம், ஸ்கேன் கிடையாதுங்கறதால எழுத்து கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும், ரிசல்ட்டும் அதே அளவுக்குச் சுத்தமா வரும். ஒரு சிற்றிதழோட பழைய இதழ்கள இப்படி மாத்தி வச்சுட்டேன், இப்போ ஒரு கவிஞர் பேர குடுத்தா எந்தெந்த இதழ்ல எந்தப் பக்கம்னு பட்டுபட்டுன்னு வருது.

தரம் எப்படின்னா, நல்ல அச்சு, 300 டிபிஐக்குக் (ஸ்கேன் எவ்வளவு நுணுக்கம்ங்கற அளவு) குறையாத ஸ்கேன், இது ரெண்டும் இருந்தா தைரியமா நம்பலாம். மங்கின அச்சுல முதல்ல போறது புள்ளிதான், "சிறப்பு"ங்கறது பகரத்து மேல புள்ளி இல்லாம வந்து நிக்கும். ரகரமும் காலும் ஒண்ணுக்கு ஒண்ணு மாறறது இன்னொண்ணு, அச்சுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். பழைய எழுத்து இருக்கற புத்தகம்னா இன்னும் கஷ்டம். 1978ல எம்ஜிஆர் அரசு பெரியாரோட எழுத்துச் சீர்திருத்தத்த கொண்டு வர்றதுக்கு முந்தி அச்சான புத்தகத்துல லை, ளை, னை, ணை எல்லாம் மேல துதிக்கை வச்ச பழைய ஐகாரத்துலயும், ணா, றா, னா எல்லாம் சுழிச்ச வடிவத்துலயும் இருக்கும். அதப் பாத்தா டெசராக்ட் தடுமாறுது, "மலை"யும் வராது "வீணை"யும் வராது. அதனால அந்தக் காலத்துப் புத்தகத்துல தேடும்போது இந்த எழுத்து இல்லாத வார்த்தையா பாத்துத் தேடறேன், "தலைவன்"னு தேடாம அதே பக்கத்துல வரக்கூடிய "அரசன்" மாதிரி ஒண்ண குடுத்தா கிடைச்சுடுது. ரெண்டு மூணு காலமா, அதாவது மேலிருந்து கீழா தனித்தனிப் பட்டையா அச்சடிச்ச பத்திரிகைப் பக்கம்னா சில சமயம் பக்கத்துக் காலத்து வரியோட சேத்துப் படிச்சுடும், வார்த்தை தேட அது தடையில்ல, பத்தியா காப்பி பண்ணணும்னா சரிபாக்கணும். கையெழுத்துக்கு இது உதவாது, தாத்தா எழுதின கடிதத்த குடுத்தா வர்றது எதுவுமே வார்த்தையா இருக்காது.

இதெல்லாம் எதுக்கு, ஆன்லைன்ல கன்வெர்ட்டர் எத்தனையோ இருக்கேன்னு கேப்பீங்க. புத்தகம்னா சரி, பத்திரமும் பட்டாவும் ஆதாரும் இன்னொருத்தர் சர்வர்ல ஏத்தறதுக்கு எனக்கு மனசு வரல. நம்ம லேப்டாப்லயே முடியற வேலைய வெளிய குடுக்க வேண்டிய அவசியமும் இல்ல.

ஸ்கேனர் இல்லாம ஃபோன்ல பக்கத்த படம் பிடிச்சு லேப்டாப்புக்கு அனுப்பறவங்க நிறைய பேர். அத வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா சைஸ சுருக்கிடும், சுருங்கின படத்துல புள்ளி போயிடும், புள்ளி போனா ஓசிஆர் போச்சு. இதுக்கு லோக்கல்சென்ட் போடுங்க. ஃபோன்லயும் லேப்டாப்லயும் ரெண்டுலயும் இன்ஸ்டால் பண்ணி, ரெண்டும் ஒரே வைஃபையில இருந்தா ஒண்ணுக்கொண்ணு கண்டுபிடிச்சுக்கும், போட்டோவ தேர்ந்தெடுத்து அனுப்பினா அசல் தரத்துலயே போய்ச் சேரும், நெட் டேட்டா ஒரு எம்பி கூட செலவாகாது, நெட் கனெக்‌ஷனே இல்லாத வைஃபையா இருந்தாலும் போகும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துக்கும் இருக்கு, ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு டிவைஸுக்கும் அதுவே ஒரு பழத்தோட பேர முன்னாடி ஒரு அடைமொழி சேத்து வச்சுடும், வீட்டுல எல்லார் ஃபோன்லயும் போட்டப்புறம் புத்திசாலி மாம்பழம் யாரு, அழகான ஆரஞ்சு யாருன்னு குழந்தைங்க கேட்டுட்டே இருந்தாங்க, வேணும்னா பேர மாத்திக்கலாம். தமிழ்ப் பேர் வச்ச ஃபைல் எந்தச் சிதைவும் இல்லாம வந்து சேருது, ஃபோல்டரா அனுப்பினா ஃபோல்டராவே வருது.

ஒரு டிவைஸ் இன்னொண்ண கண்டுபிடிக்கலன்னா பெரும்பாலும் காரணம் ரெண்டுதான். ஒண்ணு விண்டோஸ் ஃபயர்வால், முதல் தடவ பர்மிஷன் கேக்கும்போது அனுமதி குடுக்காம மூடியிருப்பீங்க. இன்னொண்ணு ஹாஸ்டல், ஹோட்டல், காலேஜ் மாதிரி இடத்துல வைஃபையில இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாம ரவுட்டர்லயே தடுத்து வச்சிருப்பாங்க. அங்கெல்லாம் ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ப அதுல கனெக்ட் பண்ணிடுங்க, சரியாயிடும். அனுப்பறதுதான் வேலைன்னு இல்லாம எப்பவுமே ரெண்டு பக்கமும் ஒரே ஃபோல்டர் ஒரே மாதிரி இருக்கணும்னா அதுக்கு சிங்க்திங் இருக்கு, நடுவுல எந்தக் கம்பெனியோட ஸ்டோரேஜும் இல்லாம உங்க டிவைஸுங்களே தங்களுக்குள்ள பேசிக்கும். ஆனா அதோட அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோட நிறுத்திட்டாங்க, ஃபோனுக்கு சிங்க்திங் ஃபோர்க்னு இருக்கற வேற ஆப்பதான் போடணும். இத பேக்கப்னு நினைக்காதீங்க, ஒரு பக்கம் அழிச்சா இன்னொரு பக்கமும் அழிஞ்சுடும், செட்டிங்ஸ்ல பழைய காப்பிய வச்சுக்கற ஆப்ஷன கட்டாயம் ஆன் பண்ணிட்டுதான் உபயோகிக்கணும்.

பவர்டாய்ஸ் பத்தி ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்டே குடுக்கற தொகுப்பு, விண்டோஸ் 95 காலத்துல இருந்த பேர 2019ல திரும்ப எடுத்து ஓப்பன் சோர்ஸா கொண்டு வந்தாங்க. அதுல பவர்ரீநேம் ஒண்ணுக்காகவே போடலாம், ஃபோன் கேமரா வச்ச நம்பர் பேரையெல்லாம் நூத்துக்கணக்குல ஒரே அடியா தமிழ்ல மாத்தலாம், மாத்தறதுக்கு முன்னாடி பழைய பேர் புதுப் பேர் பக்கத்துல பக்கத்துல காட்டும், தமிழ் சிக்கலில்லாம வருது. திரையில இருக்கற எழுத்த எடுக்கற டெக்ஸ்ட் எக்ஸ்ட்ராக்டரும் அதுல இருக்கு, அது விண்டோஸோட சொந்த ஓசிஆர நம்பி ஓடுது, அதுல தமிழ் கிடையாது. அந்த வேலைக்கு ஃபோன்ல கூகுள் லென்ஸே நல்லா பண்ணுது.

கடைசியா பெரியப்பாவோட கேசட். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பர்ல விஸ்பர்னு ஒரு பேச்ச எழுத்தாக்கற மாடல வெளிய விட்டாங்க, 6,80,000 மணி நேர ஆடியோவுல பயிற்சி குடுத்தது, அதுல பெரும்பகுதி இங்கிலீஷ், ஆனாலும் தமிழ் தெரியும். மாடல் நம்ம கம்ப்யூட்டர்லயே ஓடும், எதையும் அனுப்ப வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதா லேப்டாப்லயும் ஓடற மாதிரி விஸ்பர் சிபிபின்னு ஒண்ண ஜார்ஜி கெர்கானவ்ங்கறவர் எழுதிக் குடுத்தாரு. அத நேரா உபயோகிக்கத் தெரியாதவங்க சப்டைட்டில் எடிட் போடுங்க, அதுல வீடியோ மெனுவுக்குள்ள ஆடியோவ எழுத்தாக்கறதுக்கு வழி இருக்கு, எந்த மாடல் வேணும்னு கேட்டு அதுவே இறக்கிக்கும், மொழியில தமிழ தேர்ந்தெடுத்து விட்டா போதும். சின்ன மாடல் அரை ஜிபிக்கும் கொஞ்சம் கம்மி, நடுத்தரம் ஒன்றரை ஜிபி, பெருசு 3 ஜிபி சுமார். தமிழுக்கு சின்ன மாடல் வேஸ்ட், நேரா சொல்லிடறேன், வார்த்தை வார்த்தையா தப்பு வருது. நடுத்தரத்துல இருந்துதான் உருப்படி, பெருசு இன்னும் நல்லா வரும் ஆனா என் மாதிரி லேப்டாப்ல ஒரு மணி நேர ஆடியோவுக்குப் பல மணி நேரம் ஓடும். அதுக்கு ஒரு காரணம், தமிழ் எழுத்த இந்த மாடல் ரொம்பச் சின்னச் சின்னத் துண்டா உடைச்சு ஒவ்வொண்ணா எழுதுது, அதே நீளப் பேச்சுக்கு இங்கிலீஷவிட அதிகத் துண்டு.

மேடைப் பேச்சு, செய்தி மாதிரி செந்தமிழ் நடையில இருந்தா ஆச்சரியப்படற அளவுக்கு எழுதுது. பெரியப்பா மேடையில நிறுத்தி நிதானமா பேசற இடமெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே வந்துடுச்சு, நடுவுல கூட்டத்த பாத்து ஊர்ப் பேச்சுக்கு மாறின உடனே தடம் மாறுது, "வந்தாய்ங்க போனாய்ங்க" எல்லாம் அதுக்குப் புரியல, தனக்குத் தெரிஞ்ச வேற வார்த்தைய போட்டு நிரப்பிடுது. கைதட்டல், மைக் சத்தம், பேச்சில்லாத இடைவெளி வந்தா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், யாரும் பேசாத இடத்துல அதுவே ஒரு வாக்கியத்த கற்பனை பண்ணி எழுதும், சில சமயம் ஒரே வரிய திரும்பத் திரும்ப பக்கம் பக்கமா போட்டுட்டே போகும். இது விஸ்பரோட தெரிஞ்ச குணம். குரல் இருக்கற இடத்த மட்டும் பிரிச்சு எடுக்கற ஆப்ஷன ஆன் பண்ணினா நிறைய குறையுது, இல்லன்னா கேசட்ட கைதட்டல் வர்ற இடத்துல வெட்டி வெட்டிக் குடுக்கலாம்.

இவ்வளவு தப்பு இருந்தும் எனக்கு இது பெரிய பொக்கிஷமா தெரியுது, ஏன்னா ஒவ்வொரு வரியோடயும் அது எத்தனாவது நிமிஷம் எத்தனாவது செகண்டுன்னு சேத்து எழுதுது. வெளிய வர்ற சப்டைட்டில் ஃபைல் வெறும் டெக்ஸ்ட், அத கேசட் பேரோடயே சேவ் பண்ணி ஒரே ஃபோல்டர்ல போட்டுட்டா, மேல சொன்ன எவ்ரிதிங்ல அந்த ஃபோல்டருக்குள்ள மட்டும் "கம்பன்"னு உள்ளடக்கத் தேடல் குடுத்தா எந்தெந்தப் பேச்சுல கம்பன் வர்றான்னு லிஸ்ட் வந்துடுது, ஃபைல தொறந்தா நிமிஷம் இருக்கு, நேரா அந்த இடத்துக்குப் போய்க் கேட்டுடலாம். எழுத்து தப்பா இருந்தா என்ன, கேக்கப் போறது அவர் குரலத்தானே.

தமிழுக்குன்னு மேல பயிற்சி குடுத்த விஸ்பர் மாடல்களும் இருக்கு, ஐஐடி மெட்ராஸ் ஸ்பீச் லேப் பக்கம் இருந்து ஒண்ணு வந்திருக்கு, அதே ஐஐடி மெட்ராஸ்ல இருக்கற ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்குன்னு இன்டிக்விஸ்பர்னு ஒண்ணு குடுத்திருக்காங்க. ரெண்டையும் ஓட்ட பைத்தான் வேணும், சப்டைட்டில் எடிட்ல டிக் பண்ணி இறக்கற மாதிரி இல்ல. அடுத்து அதத்தான் உக்காந்து பாக்கப் போறேன், முக்கியமா மதுரைப் பேச்சுக்கும் நெல்லைப் பேச்சுக்கும் எப்படி நிக்குதுன்னு. யாராவது அத விஸ்பர் சிபிபியில ஓடற மாதிரி மாத்தி வச்சிருந்தீங்கன்னா எப்படி பண்ணினீங்கன்னு சொல்லுங்க.